லைங் தாயா: அட்டையில் எழுதப்படும் மனிதர்கள்

யாங்கோன் நகரின் மேற்கு விளிம்பில் லைங் ஆறு. அதன்மேல் பாயின் நவுங் பாலம். பாலத்தின் கிழக்கு முனையில் வெங்காயமும் பருப்பும் லாரி லாரியாக வந்து இறங்கும் மொத்தச் சந்தை. மேற்கு முனையில் இறங்கினால் லைங் தாயா. காலையில் அந்தப் பாலத்தில் வண்டிகள் நகர்வதே தெரியாது. தையல் ஆலைகளுக்குப் போகும் பெண்கள் கன்னத்தில் தனக்கா பூசி, அடுக்குச் சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு, கம்பெனி வண்டிகளில் நின்றபடியே போகிறார்கள். அவர்கள் தைக்கும் கோட்டுகளும் சட்டைகளும் ஐரோப்பாவின் கடைகளுக்குப் போகின்றன. 2018இல் எட்டு மணி நேர வேலைக்கு அரசு நிர்ணயித்த கூலி 4,800 சாட்.

இந்த ஊருக்கு முன்னோர் கதை எதுவும் கிடையாது. 1989இல் ராணுவ அரசு இதை உருவாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் நாடெங்கும் மக்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள். நகரின் நடுவே நெருக்கமாகக் குடியிருந்த ஏழைகளை ஆற்றுக்கு அப்பால் அனுப்பிவிட அரசு முடிவெடுத்தது. நெல்வயலில் மனை அளந்து, குடும்பங்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். 90களில் தொழிற்பேட்டைகள் வந்தன. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவைத் துடைத்துப்போட்டது. சுமார் 1,38,000 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள். பிழைத்தவர்களில் பெரும் கூட்டம் இங்கே வந்து, வாய்க்கால் ஓரத்தில் மூங்கில் குடிசை போட்டது. 2014 மக்கள்தொகைக் கணக்கில் லைங் தாயாவில் 6,87,867 பேர். அன்று மியன்மாரின் வேறெந்த நகரியத்திலும் இவ்வளவு பேர் இருக்கவில்லை. அதே எல்லைக்குள்தான் மதில் சூழ்ந்த எஃப்.எம்.ஐ. சிட்டி மாளிகைகளும் புன் லைங் கோல்ஃப் மைதானமும் இருக்கின்றன.

நான் போனது 2019 டிசம்பரில். அந்த மாதம் 10ஆம் தேதி முதல் 12 வரை ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில், ரக்கைன் மாநில முஸ்லிம்களான ரோஹிங்கியாக்களை இனப்படுகொலை செய்ததாக காம்பியா தொடுத்த வழக்கில், ஆங் சான் சூ கீ தன் நாட்டின் சார்பில் நேரில் நின்று வாதாடினார். யாங்கோனில் அவருக்கு ஆதரவாக ஊர்வலங்கள் நடந்தன. அவர் படம் போட்ட சட்டைகளை இளைஞர்கள் அணிந்து திரிந்தார்கள். அப்படியொரு வாரத்தில் ஒரு பர்மிய முஸ்லிம் குடும்பத்தின் வீட்டில் உட்கார்ந்து பேசுவது எளிதில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் அந்த வாரத்தில்தான் பேச வேண்டும் என்று தோன்றியது.

அழைத்துப்போனவர் அறுபது தாண்டிய தமிழ் முஸ்லிம். நகர மையத்தில், மகா பந்துலா சாலையில் இருக்கும் சூலியா பள்ளிவாசலில் லுஹர் தொழுகை முடிந்து வெளியே வந்தவரோடு பேச்சு தொடங்கியது. பாட்டனார் இராமநாதபுரம் சீமையிலிருந்து கப்பலேறியவர். நான் அவரைக் காக்கா என்றேன். அவர் என்னைத் தம்பி என்றார். அவருடைய தமிழ் மெதுவாக வரும். சொல் கிடைக்காத இடத்தில் பர்மிய மொழிக்குப் போய்விட்டுத் திரும்பி வருவார். "பள்ளிவாசல்ல குத்பா தமிழ்ல கேட்டு வளர்ந்த காது இது. பிள்ளைங்களுக்கு அது பாட்டு மாதிரி கேக்குது, அர்த்தம் தெரியல," என்றார். அவருடைய அக்கா லைங் தாயாவில் இருக்கிறார். 90களின் தொடக்கத்தில் நகரத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களில் அவருடையதும் ஒன்று.

நான் லாத்தா என்று அழைத்த அந்த அக்காவின் வீடு பாதி செங்கல், பாதி தகரம். மழைக்காலத்தில் முழங்காலுக்குத் தண்ணீர் வரும் என்பதற்குச் சுவரிலேயே கோடு இருந்தது. அவர் தேநீர் வைத்தார், பர்மியர் வைப்பதுபோல, கட்டிப்பால் கலந்து இனிப்பாக. எதற்காக வந்திருக்கிறேன் என்று காக்கா சொன்னதும், வேறெதுவும் பேசாமல் உள்ளே போய் பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து வந்தார். அதற்குள் வீட்டிலுள்ள எல்லோருடைய அடையாள அட்டைகளும் இருந்தன.

மியன்மாரின் அடையாள அட்டையில் இரண்டு வரிகள் உண்டு. ஒன்று இனம், மற்றது மதம். முழுக் குடிமக்களுக்கு அட்டையின் நிறம் ரோஜா. இணைக் குடிமக்களுக்கு நீலம், குடியுரிமை வழங்கப்பட்டவர்களுக்குப் பச்சை. லாத்தாவின் அட்டை ரோஜா நிறம்தான். இனம் என்ற இடத்தில் 'இந்தியர், பமா' (பமா, பெரும்பான்மைப் பர்மிய இனம்) என்றும் மதம் என்ற இடத்தில் 'இஸ்லாம்' என்றும் இருந்தது. அவருடைய தாய் பர்மியப் பெண், பாட்டியும் அப்படியே. மகனின் அட்டையில் 'இந்தியர், பாகிஸ்தானியர், பமா' என்று இருந்தது. இந்தக் குடும்பத்தில் எவரும் பாகிஸ்தானைக் கண்ணால் பார்த்தவரில்லை. பதினெட்டு வயதில் அவன் குடிவரவு அலுவலகத்துக்குப் போனபோது, பமா என்று மட்டும் எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறான். முஸ்லிமாக இருந்தால் பமா மட்டும் போட முடியாது, கூட ஏதாவது சேர்க்க வேண்டும் என்று எதிரே இருந்தவர் சொல்லியிருக்கிறார். என்ன சேர்ப்பது என்பதையும் அவரே முடிவுசெய்தார்.

"நா எதையும் மறைக்கல தம்பி. எங்க வாப்பா தமிழ்நாட்டு ஆளு, அத எழுதட்டும், சந்தோசம். பாகிஸ்தான் எங்கருந்து வந்துச்சு?" என்று லாத்தா கேட்டார்.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமில்லை. மியன்மார் முழுக்க முஸ்லிம்கள் சொல்லும் அனுபவம் இது. அட்டை வாங்கப் போனால் 'கலப்பு ரத்தம்' என்ற வரிசைக்கு அனுப்பப்படுகிறார்கள். பௌத்தரான சீன வழியினரும் அந்த வரிசைக்கு வருவதுண்டு. ஆனால் மதத்தின் பெயரைச் சொன்னதும் ரத்தத்தில் கலப்பு இருந்தே தீர வேண்டும் என்று கருதப்படுவது பெரும்பாலும் முஸ்லிம்களுக்குத்தான். ஒரு பர்மியப் பெண் கிறிஸ்தவராக மாறினால் அவர் பமா கிறிஸ்தவர். இஸ்லாத்தைத் தழுவினால் அவருடைய பிள்ளைகளின் இனமே மாறிவிடுகிறது. இதில் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. இது அநீதி.

சட்டம் 1982 அக்டோபர் 15இல் வந்தது. காச்சின், கயா, கரேன், சின், பமா, மோன், ரக்கைன், ஷான் ஆகிய இனத்தவரும், 1823க்கு முன்பிருந்தே இந்த மண்ணை நிரந்தர வீடாகக் கொண்டிருந்த குழுவினரும் பிறப்பால் குடிமக்கள் என்றது. 1824இல்தான் முதல் ஆங்கிலோ-பர்மியப் போர் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டில் கோடு போட்டால், வெள்ளைக்காரன் கப்பலில் வந்த எவரும் உள்ளே வர முடியாது என்பது கணக்கு. பின்னாளில் அரசு 135 'தேசிய இனங்கள்' என்ற பட்டியலைப் பிடித்துக்கொண்டது. அதில் முஸ்லிம்களாக இருக்கும் ஒரே இனம் ரக்கைனின் கமான்கள். 1660இல் அராகானுக்குத் தப்பி வந்த முகலாய இளவரசர் ஷா ஷுஜாவின் வில்லாளிகள் வழியினர் என்று சொல்லப்படுபவர்கள். பட்டியலில் பெயர் இருந்தும் 2012 கலவரத்தில் அவர்களுடைய வீடுகளும் எரிந்தன. முகாம்களுக்குப் போனார்கள், சில குடும்பங்கள் பின்னர் யாங்கோனுக்கு வந்து சேர்ந்தன. பட்டியலில் பெயர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்களுக்குக் கமான்களின் கதை போதும்.

அந்தச் சட்டத்தையே ஊன்றிப் படித்தால் ஒன்று தெரியும். இணைக் குடிமக்களின் பேரப்பிள்ளைகள், அதாவது மூன்றாம் தலைமுறை, முழுக் குடிமக்கள் ஆகலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. லாத்தாவின் மகன் நான்காம் தலைமுறை. சட்டம் முழுக் குடிமகன் என்று ஏற்றவனையும் அலுவலக மேசை வெளியாளாகவே எழுதுகிறது.

முன்பு இப்படி இல்லை என்று சொன்னால் அது பாதி உண்மை. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் (இன்றைய யாங்கோன்) மக்களில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். துறைமுகம், அரிசி ஆலை, வட்டிக்கடை, போலீஸ், ரயில் என எங்கும் அவர்கள். தன் தலைநகரில் தானே சிறுபான்மையாக இருந்த பர்மியருக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. டெல்டாவின் நெல்வயல்கள் மந்தநிலைக் காலத்தில் செட்டியார்களின் கைக்குப் போயின. அந்தக் காயத்தைத் தமிழர்களாகிய நாம் லேசாகக் கடந்துபோகக் கூடாது. 1930இல் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகள் வெட்டப்பட்டார்கள். 1938இல் பௌத்தத்தைத் தாக்கி ஒரு முஸ்லிம் எழுதிய பழைய புத்தகம் மறுபடி அச்சாக, ஷ்வேடகோன் பகோடாவில் கூடிய கூட்டம் முஸ்லிம் கடைகளை நோக்கித் திரும்பியது. நிலம் போன கோபம் மதத்தின் மேல் இறங்கியது அப்போதுதான். 1942இல் ஜப்பானியர் வந்தபோது லட்சக்கணக்கானோர் மலைக்காடு வழியாக இந்தியாவுக்கு நடந்தார்கள். 1962 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு கடைகள் தேசியமயமாகி, இன்னும் சுமார் மூன்று லட்சம் பேர் வெளியேறினார்கள். சென்னையின் பர்மா பஜார் அவர்கள் போட்ட கடை. போகாமல் தங்கியவர்கள்தான் காக்காவின் குடும்பம் போன்றவர்கள். வீட்டுக்குள் ஒரு பெயர், அட்டையில் பர்மியப் பெயர் என்று இரண்டு பெயர்களோடு வாழப் பழகினார்கள்.

இதற்கெல்லாம் நடுவே ஒருவர் இருந்தார். லைங் தாயாவிலிருந்து திரும்பும் வழியில் காக்கா அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டே வந்தார்.

மெய்க்டிலா ஊரில் 1898 ஜனவரியில் பிறந்தவர் அப்துல் ரசாக். தந்தை ஷேக் அப்துல் ரஹ்மான், தமிழ் முஸ்லிம், போலீஸ் இன்ஸ்பெக்டர். தாய் நியெய்ன் லா, பர்மிய பௌத்தப் பெண். உடன்பிறந்தவர்கள் தாயின் மதத்தில் வளர்ந்தார்கள்; ரசாக் மட்டும் முஸ்லிம் பெயரையும் மார்க்கத்தையும் வைத்துக்கொண்டார். அதோடு பாலி மொழி படித்தார், தேரவாத பௌத்தத்தைக் கற்றார். 1920இல் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் ஆங்கிலேயச் சட்டத்தை எதிர்த்து வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். அதிலிருந்து தேசியப் பள்ளிகள் பிறந்தன. மாந்தளையின் தேசியப் பள்ளிக்கு ரசாக் தலைமையாசிரியர் ஆனார். அவரிடம் படித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பௌத்தர்கள். 'சயாஜி', பெரிய ஆசிரியர், என்றே அவரை அழைத்தார்கள். 1945 டிசம்பரில் பின்மனாவில் பர்மா முஸ்லிம் காங்கிரஸ் தொடங்கியபோது தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முஸ்லிம்களுக்குத் தனிச் சலுகை கேட்டுப் பிரிந்து நிற்பதை அவர் விரும்பவில்லை. விடுதலைப் போராட்டத் தலைவர் ஆங் சானின் பாசிச எதிர்ப்பு மக்கள் விடுதலை அணியோடு அந்த அமைப்பைச் சேர்த்தார். ஆங் சானின் இடைக்கால அமைச்சரவையில் கல்விக்கும் தேசியத் திட்டமிடலுக்கும் அமைச்சரானார்.

1947 ஜூலை 19 காலை, ரங்கூன் செயலகத்தில் அமைச்சரவை கூடியிருந்தது. துப்பாக்கியோடு உள்ளே நுழைந்தவர்கள் ஆங் சானையும் அவருடைய தோழர்களையும் சுட்டுக் கொன்றார்கள். ரசாக் அங்கேயே இறந்தார். அவருடைய மெய்க்காவலர், பதின்வயது இளைஞர் கோ ட்வேயும் இறந்தார். ஆண்டுதோறும் ஜூலை 19 மியன்மாரில் தியாகிகள் தினம். ஒன்பது பெயர்களில் ஒன்று அப்துல் ரசாக். பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பட்டியல் அது.

இந்தத் தகவலைத் தமிழ்நாட்டில் நாம் போதிய அளவு அறியவில்லை என்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. நேதாஜியையும் பகதூர் ஷா ஜஃபரின் கல்லறையையும் தேடி ரங்கூன் போகும் நம்மவர்கள், தமிழ்த் தந்தைக்குப் பிறந்து பர்மாவின் விடுதலைக்கு உயிர் விட்ட ஆசிரியரை விசாரிப்பதில்லை.

ரசாக் பிறந்த மெய்க்டிலாவில்தான் 2013 மார்ச் 20 அன்று ஒரு நகைக்கடைத் தகராறு கலவரமாக வெடித்தது. குறைந்தது 40 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் முஸ்லிம்கள். மதரசா மாணவர்களையும் ஆசிரியர்களையும் துரத்திப் பிடித்துக் கொன்றார்கள். முஸ்லிம் கடைகளில் வாங்காதே என்று பிரசாரம் செய்த விராத்து போன்ற துறவிகளின் பேச்சு அதற்கு முன்பே ஊர் ஊராகக் குறுந்தகடுகளில் போயிருந்தது. 2015இல் இன, மதப் பாதுகாப்பு என்ற பெயரில் நான்கு சட்டங்கள் வந்தன. பௌத்தப் பெண் வேற்று மதத்தவரை மணப்பதையும் மதம் மாறுவதையும் அவை அரசு அலுவலகத்தின் விசாரணைக்கு உட்படுத்தின. அந்த ஆண்டுத் தேர்தலில் சூ கீயின் கட்சி ஒரு முஸ்லிமைக்கூட நிறுத்தவில்லை. ரசாக்கின் தலைவருடைய மகள் நடத்திய கட்சி அது.

அந்தக் கட்சிக்குச் சட்ட ஆலோசகராக இருந்த கோ நீயும் இந்திய வழி முஸ்லிம்தான். ராணுவம் எழுதிய அரசியல் சாசனத்தின் இடுக்கில் வழி கண்டுபிடித்து, சூ கீக்கு 'அரச ஆலோசகர்' பதவியை வடிவமைத்தவர் என்று அறியப்பட்டவர். 2017 ஜனவரி 29 அன்று இந்தோனேசியாவிலிருந்து திரும்பி, யாங்கோன் விமான நிலைய வாசலில் பேரனைத் தூக்கிக்கொண்டு நின்றபோது பின்னாலிருந்து சுடப்பட்டார். சுட்டவனைத் துரத்திப் பிடிக்கப் பாய்ந்த டாக்சி ஓட்டுநர் நே வின், பௌத்தர், அங்கேயே உயிரிழந்தார். காக்கா இந்த இரண்டாவது பெயரைச் சொல்லும்போது நின்று சொன்னார். "கோ நீ பேரு உலகத்துக்கே தெரியும். நே வின் பேர நாங்க துஆவுல சேத்துக்கிறோம்."

மறுபடி ஒருநாள் லாத்தாவின் வீட்டுக்குப் போனேன். அன்று அவருடைய மருமகன் இருந்தார். பினாங்கில் சில ஆண்டுகள் மரச்சாமான் ஆலையில் வேலை பார்த்துத் திரும்பியவர். அவர் சொன்னதைக் கேட்கத்தான் நான் இந்தப் பயணம் வந்தேனோ என்று பிறகு நினைத்ததுண்டு.

லைங் தாயாவின் பையன்களுக்கு மலேசியா பக்கத்து வீடு. ஆலையில் அவரோடு அறையில் இருந்தவர்கள் எல்லோரும் பர்மிய பௌத்தர்கள். மேலாளர்கள் மலாய்க்காரர்கள். விடுப்போ, சம்பளப் பாக்கியோ பேச வேண்டுமென்றால் நண்பர்கள் அவரைத்தான் முன்னே அனுப்புவார்கள். சலாம் சொல்லிப் பேசினால் காரியம் நடக்கும் என்று. வெள்ளிக்கிழமை கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குப் போவார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்கின் தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் முகைதீன் எழுப்பிய பள்ளிவாசல் அது. அங்கே ஒரு முதியவர் இவருடைய முகத்தைப் பார்த்துத் தமிழில் பேசினார். தன் பேரன்கள் இப்போது மலாய்க்காரர்கள் என்று பெருமையாகச் சொன்னார்.

2016 டிசம்பர் 4 அன்று கோலாலம்பூரின் தித்திவங்சா அரங்கில் பிரதமர் நஜிப் ரசாக் ரோஹிங்கியாக்களுக்காகக் கண்டனக் கூட்டம் நடத்தினார். இரண்டு நாளில் மியன்மார் அரசு மலேசியாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தியது. ஆலை விடுதியில் நண்பர்கள் இவரோடு ஒரே தட்டில் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். "என்கிட்ட யாரும் சண்ட போடல. சோறு ஆக்குறப்ப எனக்கு அளக்கல, அவ்வளவுதான்," என்றார். அதே வாரம் சாலையில் நிறுத்திய போலீஸ்காரர் நீ ரோஹிங்கியாவா என்று கேட்டார். இல்லை, பர்மிய முஸ்லிம் என்றார் இவர். அப்படி ஓர் இனம் உண்டா என்று போலீஸ்காரருக்கு விளங்கவில்லை.

மலேசிய அரசியல் சாசனத்தின் 160ஆம் பிரிவு யார் மலாய்க்காரர் என்று வரையறுக்கிறது. இஸ்லாத்தைப் பின்பற்ற வேண்டும், வழக்கமாக மலாய் பேச வேண்டும், மலாய் வழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டும். மலாய் ரத்தம் வேண்டும் என்று அதில் இல்லை. மதம் வழியாக இனத்துக்குள் வரலாம். நவீன மலாய் உரைநடையின் முன்னோடி என்று போற்றப்படும் முன்ஷி அப்துல்லா, அரபும் தமிழும் கலந்த வழியில் மலாக்காவில் பிறந்தவர். அவருடைய சுயசரிதை 1849இல் அச்சேறியது. பினாங்கில் தமிழ் மரைக்காயர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு மூன்று தலைமுறையில் மலாய்ச் சமூகத்துக்குள் கரைந்திருக்கிறார்கள். கேரள வழிப் பாட்டனாரைக் கொண்ட பிரதமர் மகாதீர் மலாய்த் தேசியத்தின் குரலாகவே நாட்டை ஆண்டார், 2019இல் ஐ.நா. பொதுச் சபையையொட்டி நடந்த கூட்டத்தில் ரக்கைனில் நடந்ததை இனப்படுகொலை என்று சொன்னதும் அவர்தான்.

அப்படியானால் மலாய் நாடு நல்லது, பர்மா கெட்டது என்று முடிவு கட்டலாமா? கூடாது. மலாய்க்காரராக உள்ளே வந்தவர் வெளியே போக முடியாது. லினா ஜாய் என்ற பெண் கிறிஸ்தவராக மாறி, அடையாள அட்டையிலிருந்து 'இஸ்லாம்' என்ற சொல்லை எடுக்கக் கேட்டுப் போராடினார். 2007 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் மறுத்துவிட்டது. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய இந்துத் தமிழனின் நான்காம் தலைமுறைப் பேரன் இன்னும் அரசுச் சலுகைக்குரிய 'பூமிபுத்திரர்' வட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறான். இரண்டு நாடுகளிலும் இனத்தையும் மதத்தையும் ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு தமிழ் முஸ்லிம் பினாங்கில் இறங்கினால் அந்த முடிச்சு அவனை உள்ளே இழுக்கிறது, ரங்கூனில் இறங்கினால் வெளியே தள்ளுகிறது. தொழுகை ஒன்றுதான், பிடிக்கும் நோன்பும் ஒன்றுதான். எந்தக் கப்பலில் பாட்டன் ஏறினான் என்பது பேரனின் தலைவிதியை எழுதிவிட்டது.

மியன்மாரிலேயே மலாய்க்காரர்களும் இருக்கிறார்கள். தெற்கே, தனிந்தாரிப் பகுதியில் போக்பின், காவ்தாங் கரைகளில், கெடாப் பக்கத்து மலாய் பேசும் மீனவர்கள். பர்மியர் அவர்களைப் பஷூ என்கிறார்கள். கடற்கரையில் நெடுங்காலமாக இருக்கும் அவர்களுடைய பெயரும் 135இல் இல்லை. அதே கரையில் வாழும் சலோன் கடலோடிகளின் பெயர் இருக்கிறது.

அந்தத் தெருவில் நான் சந்தித்த இன்னொருவரைச் சொல்லாமல் விட மனமில்லை. லாத்தாவின் பக்கத்துக் குடிசையில், டெல்டாவின் லபுட்டாவிலிருந்து வந்த பௌத்தப் பெண். தையல் ஆலையில் வேலை. புயலில் தாயையும் வீட்டையும் இழந்தவர்; குடும்பப் பட்டியல் வெள்ளத்தோடு போனது. பட்டியல் இல்லாமல் இங்கே பதிவு கிடையாது. பதிவு இல்லாமல் அட்டையைப் புதுப்பிக்க முடியாது. இனம் பமா, மதம் பௌத்தம் என்று இரண்டு வரியும் சரியாக இருந்தும், லைங் தாயாவின் கணக்கில் அவர் அத்துமீறிக் குடியேறியவர். லாத்தாவும் அவரும் ஒன்றாகவே அலுவலகத்துக்குப் போய் வருவார்கள். லாத்தாவின் பேரக்குழந்தையைப் பகலில் அந்தப் பெண்ணின் சித்தி பார்த்துக்கொள்வார். ரமலானில் கஞ்சி அங்கே போகும். நான் போன அந்த ஆண்டு மே மாதம் தெற்கு டாகோனில் தொழுகைக்கு அனுமதி பெற்றிருந்த வீடுகளைக் கும்பல் வந்து மூடவைத்தபோது, இந்தத் தெருவில் தராவீஹ் தொழுகை ஒரு வீட்டுக்குள் விளக்கைக் குறைத்துக்கொண்டு நடந்தது. வாசலில் காவல் உட்கார்ந்திருந்தவர் அந்தப் பெண்ணின் கணவர்.

ஹேக் வழக்கைப் பற்றிக் கேட்டேன். அந்தப் பெண், அம்மா சூவை வெளிநாட்டுக்காரர்கள் அவமானப்படுத்துகிறார்கள் என்றார், உறுதியாக. லாத்தா பக்கத்திலேயே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. ரோஹிங்கியா என்ற சொல் அந்த அறையில் எவர் வாயிலும் வரவில்லை. 2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடியதைப் பற்றி யாங்கோனின் முஸ்லிம்கள் பலரும் வெளியே பேசுவதில்லை. தங்களையும் அவர்களோடு சேர்த்து எழுதிவிடுவார்கள் என்ற அச்சம். அந்த அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சமூகத்தைத் தன் சொந்தச் சகோதரரின் பெயரைக்கூடச் சொல்லவிடாமல் செய்வதில்தான் அந்தச் சட்டத்தின் கொடுமை முழுதாகத் தெரிகிறது.

2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. லைங் தாயாவின் தையல் ஆலைப் பெண்கள் முதலில் தெருவுக்கு வந்தவர்களில் அடக்கம். மார்ச் 14 அன்று, சீன முதலீட்டு ஆலைகள் சில தீப்பற்றிய நாளில், பாதுகாப்புப் படைகள் தெருத் தெருவாகச் சுட்டன. அந்த ஊரில் மட்டும் அன்று குறைந்தது 65 பேர் கொல்லப்பட்டதாக மனித உரிமைக் கண்காணிப்பகம் பதிவு செய்தது. இரவில் ராணுவச் சட்டம் வந்தது. அடுத்த நாள்களில் டெல்டாவிலிருந்து வந்தவர்கள் மூட்டை முடிச்சுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊரை விட்டுப் போனார்கள். ஆண்டின் இறுதியில் ஆயிரக்கணக்கான குடிசைகள் அகற்றப்பட்டன; லபுட்டாப் பெண்ணின் குடிசையும் போனது. அவர் இப்போது எங்கே என்று லாத்தாவுக்கும் தெரியாது.

இன்னொன்றும் நடந்தது. தங்கள் தெருவில் ராணுவம் சுடுவதைப் பார்த்த பர்மிய இளைஞர்கள், ரக்கைனில் நடந்ததை நம்பாமல் இருந்ததற்காகச் சமூக ஊடகங்களில் ரோஹிங்கியாக்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். ராணுவத்தை எதிர்க்கும் தேசிய ஒற்றுமை அரசு 2021 ஜூன் 3 அன்று அந்தப் பெயரையே பயன்படுத்தி அறிக்கை வெளியிட்டு, 1982 சட்டத்தை மாற்றுவோம் என்றது. 2023இல் ஆங் சோ மோ என்ற ரோஹிங்கியா அந்த அரசில் மனித உரிமைத் துறைத் துணை அமைச்சரானார். நாட்டுக்கு வெளியிலும் காட்டிலும் இயங்கும் அரசின் வாக்குறுதி இது. ஆனாலும், 1982 சட்டத்துக்குப் பிறகு பர்மியத் தேசியத்தின் பெயரால் பேசும் ஒருவர் வாயிலிருந்து இப்படியொரு சொல் வர இத்தனை ஆண்டு பிடித்தது என்பதால் அதை நான் சிறிதாக எண்ணவில்லை.

2024 பிப்ரவரி 10 அன்று ராணுவம் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 18 முதல் 35 வரையுள்ள ஆண்கள் போக வேண்டும். ரக்கைனில், குடிமக்களே இல்லை என்று சொல்லப்பட்ட ரோஹிங்கியா இளைஞர்களையும் முகாம்களிலிருந்து பிடித்துப்போய்ச் சீருடை மாட்டினார்கள். லைங் தாயாவில் வார்டு அலுவலகம் பெயர்ப் பட்டியல் தயாரித்தபோது லாத்தாவின் மகனுடைய பெயர் அதில் இருந்தது. அட்டையில் பாகிஸ்தானியர் என்று எழுதியவர்கள் அதை ஒரு தடையாக நினைக்கவில்லை.

அவன் தாய்லாந்து எல்லையைக் கடந்து மலேசியாவுக்குப் போய்விட்டான். காக்கா தொலைபேசியில் சொன்னார். இப்போது பினாங்கில், அத்தான் முன்பு வேலை பார்த்த ஊரிலேயே, ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறான். ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். அங்கேயும் படிவத்தில் இனம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'மியன்மார் முஸ்லிம்' என்ற பிரிவைக் குறித்துக் கொடுத்தானாம். இன்னும் நேர்காணலுக்கு அழைக்கவில்லை. வழியில் போலீஸ் பிடித்தால் காட்ட அவனிடம் இருப்பது அந்த ரோஜா நிற அட்டையின் நகல் ஒன்றுதான். அசலை லாத்தா கொடுத்தனுப்பவில்லை.